வீட்டுத் தச்சுப் பட்டறையில் மரத்தூசி: தொங்கும் காற்று வடிகட்டியின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கோயம்புத்தூரில் வீட்டை ஒட்டிய கார் ஷெட்டைத் தச்சுப் பட்டறையாக மாற்றி, ஓய்வு நேரங்களில் அலமாரி, மேசை, ஊஞ்சல் பலகை என்று வீட்டுக்கும் உறவினர்களுக்கும் செய்துவருகிறேன். அறை 6 மீட்டர் நீளமும் 3.2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்டது. அதாவது 58 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவான காற்று. இந்தக் காற்றில் மிதக்கும் மரத்தூசியை நீக்குவதற்காக, கூரையிலிருந்து தொங்கும் வடிகட்டிப் பெட்டி ஒன்றைச் செய்வித்து நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்துகிறேன். அதே அறையில் வேக்குவம் கிளீனர், சைக்ளோன் என்னும் தூள் பிரிப்பான், எக்ஸாஸ்ட் விசிறி, முகக்கவசம் ஆகியனவும் உண்டு. பெட்டியைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "இது இருந்தால் மாஸ்க் வேண்டாம்தானே?" என்பதாகும். வேண்டும். தூசியை எழுப்பிக்கொண்டிருக்கும் ஆளை அந்த நேரத்தில் இப்பெட்டி காப்பதில்லை. வேலை முடிந்த பிறகு அவர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நிற்கும் நேரத்தில்தான் அதன் பயன் தொடங்குகிறது. இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

ரம்பத்திலிருந்து தெறிக்கும் தூள் கண்ணெதிரே தரையில் விழுந்துவிடும். அதனால் பெரிய தொல்லை இல்லை. தொல்லை தருவது சேண்டர் என்னும் தேய்ப்பு இயந்திரம் கிளப்பும் நுண்தூசிதான். 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் ஒன்று, நீருக்கு நிகரான அடர்த்தி கொண்டது என்று வைத்துக்கொண்டால், அசையாத காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வீதம் இறங்கும். மூக்கின் உயரமான ஒன்றரை மீட்டரிலிருந்து தரையை அடைய எட்டு நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு அதே தூரம் கிட்டத்தட்ட 12 மணி நேரப் பயணம், அதுவும் காற்று அசையாதிருந்தால் மட்டுமே. மின்விசிறி சுழல்கிற, ஆள் நடமாடுகிற அறையில் அது இறங்குவதற்கு வழியே இல்லை. மாலையில் உப்புத்தாள் தேய்த்த அறைக்குள் இரவில் ஒரு பொருளை எடுக்கச் சென்றால்கூட அந்தத் தூசியைச் சுவாசித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 1995-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்னும் முதல் பிரிவில் மரத்தூசியைச் சேர்த்தது. இங்கிலாந்தில் நாற்காலித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஹை விக்கம் பகுதியில், அறைகலன் தொழிலாளர்களுக்கு மூக்குக்குழியிலும் சைனஸ் அறைகளிலும் அடினோகார்சினோமா என்னும் அரிய வகைப் புற்றுநோய் வழக்கத்தைவிட மிகுதியாக வருவதை மருத்துவர்கள் 1960-களிலேயே கவனித்திருந்தார்கள். அவர்கள் ஆண்டுக்கணக்கில் நாள் முழுவதும் தூசிக்குள் நின்றவர்கள் என்பதால், வாரக் கடைசியில் மட்டும் வேலை செய்பவர் தம்மை அவர்களோடு ஒப்பிட்டுப் பீதியடையத் தேவையில்லை. ஆயினும் அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் உச்சவரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 1 மில்லிகிராம் மட்டுமே. என் அறை முழுவதற்குமாகக் கணக்கிட்டால் அது 58 மில்லிகிராம்; ஒரு சிட்டிகைத் தூள் காற்றில் பரவினாலே எல்லை தாண்டிவிடும்.

இந்த நோய் நுரையீரலின் ஆழத்தில் வராமல் மூக்கில் வருவதற்குக் காரணம், மரத்தூசியின் எடையில் பெரும்பகுதி 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களாக இருப்பதும், அவை மூக்கிலேயே தங்கிவிடுவதும்தான். இதைச் சொல்லக் காரணம் உண்டு. இப்போது பட்டறை வைத்திருக்கும் பலரும் பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்களைக் காட்டும் அளவி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, எண் பச்சையாகத் தெரிந்தால் நிம்மதியடைகிறார்கள். லேசர் ஒளிச்சிதறலைக் கொண்டு எண்ணும் அந்த மலிவு உணரிகள் பெரிய துகள்களை அநேகமாகப் பார்ப்பதே இல்லை. காற்றில் ஈரம் ஏறினால் எண்ணைக் கூட்டிக் காட்டவும் செய்கின்றன. நானும் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் எண்ணை எடையாகக் கொள்வதில்லை, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கு மட்டும் பார்க்கிறேன். அந்த அளவில் அது மிகவும் பயனுள்ள கருவி. எந்த வேலை காற்றை அதிகம் கெடுக்கிறது என்பதை அதனிடமிருந்து கற்றேன். ரம்பத்தைவிடச் சேண்டர் மோசம், சேண்டரைவிடக் கையடக்கப் புளோயர் மோசம். தச்சர்கள் பலரும் வேலை முடிந்ததும் புளோயரை எடுத்து மேசையையும் சட்டையையும் ஊதிவிடுவார்கள். அரை நாளில் படிந்த நுண்தூசி முழுவதும் அரை நிமிடத்தில் மீண்டும் காற்றுக்கு வந்துவிடும். மூடிய அறைக்குள் அந்தக் கருவிக்கு இடமே இல்லை என்பது என் கருத்து.

இனிப் பெட்டியைப் பற்றி. நூற்பாலைகளுக்கு விசிறி செய்துதரும் சிறு பட்டறைகள் இந்த ஊரில் இருப்பது எனக்கு வசதியாயிற்று; பஞ்சுத் தூசியோடு பழகியவர்களுக்கு மரத்தூசியை விளக்க அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. அரைக் குதிரைத்திறன் மோட்டார் பூட்டிய சென்ட்ரிஃபியூகல் புளோயர் ஒன்றை வாங்கி, பிளைவுட் பெட்டியின் ஒரு முனையில் பொருத்தினேன். மறுமுனையில் பெரிய தூசியைப் பிடிக்கும், கழுவத்தக்க ஜி4 முன்வடிகட்டியும் அதன் பின்னால் நுண்தூசியைப் பிடிக்கும் எஃப்7 தரத்துப் பை வடிகட்டியும் இருக்கின்றன. சாதாரண எக்ஸாஸ்ட் விசிறியை இவ்வாறு பயன்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். திறந்தவெளியில் ஏராளமான காற்றைத் தள்ளும் அந்த விசிறி, வடிகட்டியின் தடையை எதிர்கொண்டதும் தளர்ந்துவிடும். வடிகட்டி அடைபட அடைபட அதன் வேகம் இன்னும் விழும். சென்ட்ரிஃபியூகல் புளோயருக்கு அந்தத் தடையைத் தாங்கும் அழுத்தம் உண்டு.

மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி ஏன் இல்லை என்பது அடுத்த கேள்வி. அறைக்காற்றையே திரும்பத் திரும்ப வடிகட்டும் பெட்டியில், ஒரே சுற்றில் எவ்வளவு தூய்மையாகிறது என்பதைவிட, மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று வடிகட்டியைக் கடக்கிறது என்பதே பெரிது. ஹெப்பா காற்றோட்டத்தை நெரிப்பதோடு மரத்தூசியில் விரைவில் அடைபட்டுப் பெருஞ்செலவும் வைக்கும். 592க்கு 592 மில்லிமீட்டர் அளவுள்ள பை வடிகட்டி, மணிக்கு 3,400 கன மீட்டர் காற்றுக்கென வடிவமைக்கப்பட்டது. என் புளோயர் அதன் வழியே தள்ளுவது, கையடக்கக் காற்றுவேகமானியில் பார்த்த வரையில், 600 கன மீட்டர் அளவுதான். ஆகவே காற்று மெதுவாகக் கடக்கிறது, தடை குறைவு, ஆயுள் கூடுதல். 58 கன மீட்டர் அறைக்கு இது மணிக்குப் பத்துக் காற்றுமாற்றம், அதாவது அறையின் கொள்ளளவுக்குச் சமமான காற்று பத்து முறை வடிகட்டியைக் கடக்கிறது. காற்று நன்கு கலக்கும் என்று கொண்டால் மிதக்கும் துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை நீக்க 28 நிமிடம் ஆக வேண்டும். நடைமுறையில் மூலைகள் தேங்கிவிடுவதால் என் அளவி பழைய நிலைக்கு இறங்க முக்கால் மணி நேரம் ஆகிறது. பெட்டி இல்லாமல், கதவுகளும் அடைத்திருந்தால், மறுநாள் காலைவரைகூட எண் முழுவதும் இறங்காது. அதனால் நிறுத்தும் பொறுப்பை டைமர் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு, பட்டறையைப் பூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

தொங்கவிடும் இடத்தில் கவனம் தேவை. வேலைமேசைக்கு நேர் மேலே மாட்டினால், எழும் தூசி அனைத்தும் முகத்தைக் கடந்துதான் பெட்டிக்குப் போகும். நீளச் சுவரை ஒட்டி, உறிஞ்சும் வாய் மேசையைத் தாண்டிய பக்கத்திலும், காற்று வெளியேறும் வாய் முதுகுப்பக்கத்திலும் இருக்குமாறு அமைத்தால் அறைக்காற்று வட்டமாகச் சுழலும். எனக்கு இதுவே ஒத்துவருகிறது.

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு இப்பெட்டியைத் தேடுபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். குளிர்நாடுகளில் சூடாக்கிய காற்றை வெளியே விட்டால் பணம் போகும். அதனால் உள்ளேயே வடிகட்டித் திரும்ப விடுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு பக்கம் சன்னலைத் திறந்து வைத்து, எதிர்ப்பக்கச் சுவரில் 12 அங்குல எக்ஸாஸ்ட் விசிறியை ஓட்டினாலே தூசி வெளியேறிவிடும். செலவும் மிகக் குறைவு. என் வீட்டில் இது பாதி ஆண்டுக்கு மட்டுமே நடக்கிறது. என் எக்ஸாஸ்ட் மேற்குச் சுவரில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வேகமெடுத்து வரும் ஆனி, ஆடி மாதங்களில் அந்த விசிறி காற்றோடு மல்லுக்கட்டித் தோற்றுவிடுகிறது. தள்ளிய தூசி அப்படியே உள்ளே திரும்புகிறது. கிழக்குப் பக்கத்திலோ பக்கத்து வீட்டுச் சமையலறைச் சன்னலும் துணி காயும் கொடியும் இருக்கின்றன. இத்தகைய தடைகள் இல்லாத வீட்டில், நான் பெட்டிக்குப் பணம் போடச் சொல்ல மாட்டேன்.

பெட்டியைவிடப் பெரிய மாற்றத்தைத் தந்தது, தூசி பிறக்கும் இடத்திலேயே அதை உறிஞ்சுவதுதான். 125 மில்லிமீட்டர் சேண்டரோடு வேக்குவம் குழாயை இணைத்து, சாதாரண உப்புத்தாளுக்குப் பதிலாக வலைபோல் பின்னிய மிர்க்கா அப்ரானெட் வகைத் தாளைப் போட்டபோது அளவியின் எண் ஏறுவதே வெகுவாகக் குறைந்துவிட்டது. தாளின் எல்லாக் கண்களும் திறந்திருப்பதால் தூசி மரத்துக்கும் தாளுக்கும் இடையில் தேங்குவதில்லை. தாளும் நெடுநாள் உழைக்கிறது. விலை அதிகம்தான், ஆனால் இந்தப் பட்டறையில் செலவழித்த பணத்தில் இதைப்போல் பயன் தந்தது வேறில்லை. வேக்குவத்தில் வழக்கமான துணி வடிகட்டியோடு நிறுத்தாமல், பல அடுக்குப் பஞ்சுப்பை போட வேண்டும். இல்லாவிட்டால் பெரிய தூளை உள்ளே வைத்துக்கொண்டு நுண்தூசியை மட்டும் அறைக்குள் ஊதும். ஐரோப்பியத் தரப்படி எம் வகுப்பு இயந்திரம், உறிஞ்சிய தூசியில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் வெளிவிடக் கூடாது, எல் வகுப்புக்கு அது 1 விழுக்காடு. கடின மரமோ, மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையோ அறுப்பவர்கள் எம் வகுப்பையே பார்க்கலாம்.

வேக்குவத்துக்கு முன்னால் சைக்ளோன் வைப்பதால் பை நிரம்புவது தள்ளிப்போகிறது. சைக்ளோன் காற்றைச் சுத்தமாக்கும் என்று விற்பவர்கள் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். கனமான தூளை அது இறக்கிவிடும், நுண்தூசி நேராகப் பைக்குத்தான் போகும். 20 லிட்டர் பெயிண்ட் வாளியின்மேல் அதைப் பொருத்துவது நம் ஊர் வழக்கம். குழாய் அடைத்துக்கொண்டால் உறிஞ்சும் விசையில் வாளி உள்வாங்கி நசுங்கிவிடும் என்பதால் நான் தகரப் பீப்பாய்க்கு மாறிவிட்டேன். இரும்பு அறுத்த தீப்பொறி இந்தப் பீப்பாய்க்குள் எக்காரணம் கொண்டும் போகக் கூடாது.

மேசை ரம்பத்திற்கு இந்தச் சிறு குழாய் போதாது. அடியில் 100 மில்லிமீட்டர் குழாயும் மேலே மூடியும் வைத்து மிகுந்த காற்றோட்டம் கொடுத்தால்தான் அது அடங்கும். அந்த ஏற்பாடு என்னிடம் இல்லாததால் ரம்ப வேலையை முற்றத்தில் வைத்துக்கொள்கிறேன். அங்கேயும் மாஸ்க் உண்டு. சாதாரண வேலைக்கு என்95 போதும், ஆனால் தாடி இருந்தால் ஓரங்களில் காற்று புகுந்துவிடும். நெடுநேரம் சேண்டர் பிடிக்கும் நாளில் அதைவிட நுண்ணிய பி100 வடிகட்டி பொருத்திய ரப்பர் முகமூடி சிறந்தது. சித்திரை வெயிலில் அதற்குள் வியர்வை சொட்டும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

மரத்துக்கு மரம் தொல்லையும் மாறும். தேக்கிலும் ரோஸ்வுட் எனப்படும் ஈட்டி மரத்திலும் உள்ள குயினோன் வகைச் சேர்மங்கள் சிலருக்குத் தோல் அரிப்பையும் ஒவ்வாமையையும் கொடுக்கின்றன. எனக்குத் தேக்கு ஒன்றும் செய்வதில்லை, உதவிக்கு வரும் மைத்துனருக்கு ஈட்டி அறுத்தால் முழங்கை வரை தடித்துவிடும். எம்டிஎஃப் தூசியில் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினும் சேர்ந்திருக்கிறது. இடித்த வீடுகளிலிருந்து வாங்கும் பழைய கதவு, நிலைகளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முந்தைய பெயிண்ட் பூச்சை உலர்வாகத் தேய்ப்பதை நான் அறவே விட்டுவிட்டேன். அத்தகைய பலகையைப் பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டி எடுத்த பிறகே உள்ளே கொண்டுவருகிறேன்.

பராமரிப்பில் ஒரே ஒரு கருவி எனக்கு உதவுகிறது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் குழாயில் சிறு துண்டை வளைத்து, நீர் ஊற்றி, ஒரு முனையை வடிகட்டிக்குப் பின்புறம் பெட்டிக்குள் செருகியிருக்கிறேன். வடிகட்டி அடைபட அடைபடக் குழாயின் இரு பக்க நீர்மட்ட வேறுபாடு கூடும்; புது வடிகட்டியில் அது சில மில்லிமீட்டர்தான் இருக்கும். 15 மில்லிமீட்டரை நெருங்கினால் முதலில் ஜி4-ஐக் கழுவுகிறேன். அதன் பிறகும் இறங்காவிட்டால் எஃப்7-ஐ மாற்றுகிறேன். என் பயன்பாட்டில் அது ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது, விலை 2,000 முதல் 3,000 ரூபாய். வாங்கும்போது கண்ணாடி இழையா செயற்கை இழையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மின்னேற்றத்தை நம்பித் தூசி பிடிக்கும் செயற்கை இழை, தூசி படியப்படிய அந்தத் திறனை இழக்கிறது, நீர்மட்டத்தில் அது தெரிவதும் இல்லை. மின்சாரம் மூன்று மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டைச் சற்றுத் தாண்டும். ஐப்பசி மழையில் வடிகட்டி ஈரமேறி முடைநாற்றம் வீசத் தொடங்கினால், வேலை இல்லாத நாளிலும் சிறிது நேரம் ஓட்டிவிடுவேன்.

பழைய வடிகட்டியைக் கழற்றுவதை எப்போதும் முற்றத்தில், மாஸ்க் அணிந்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்ய வேண்டும். கழற்றிய கையோடு பெரிய குப்பைப்பைக்குள் இறக்கி வாயைக் கட்டிவிடுகிறேன். தட்டி உதறி இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தட்டினால் கண்ணாடி இழை கிழிவதுதான் நடக்கும்.