முட்டிவலிக்காகக் கழிப்பறை மாற்றப்போய் 59,500 ரூபாய் அழுத கதை: நீங்களாவது உஷாரா இருங்க

அம்மாவுக்கு 74 வயசு. ரெண்டு முட்டியும் தேய்மானம், வலது கால் ரொம்ப மோசம். போன தை மாசம் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இனிமே சம்மணம் கூடாதும்மா, குத்துக்கால் போட்டு உட்காரவே கூடாது" என்று சொல்லிவிட்டார். எங்கள் தஞ்சாவூர் வீட்டில் இருப்பதோ இந்தியன் டாய்லெட். அம்மா தினமும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துத் தொங்கித்தான் எழுந்திருக்கிறார் என்பதே, அந்தக் குழாய் ஒருநாள் கையோடு பிடுங்கிக்கொண்டு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவசரத்தில் ஆள் தேடினேன். ஹார்ட்வேர்ஸ் கடைக் கல்லாவில் ஒரு கட்டு விசிட்டிங் கார்டு இருந்தது. "முதியோர் பாத்ரூம் ஸ்பெஷல்" என்று போட்டிருந்தது. போன் பண்ணியதும் வந்தார். பேச்சு வெல்லக்கட்டி. "அக்கா, எங்க அம்மாவுக்கும் முட்டிவலிதான். நான் பார்த்துக்கறேன்" என்றார். உசரமான கமோடு, ஸ்டீல் கைப்பிடி ரெண்டு, வழுக்காத டைல்ஸ், எல்லாம் சேர்த்து 42,000. அட்வான்ஸ் 25,000. பில் கேட்டேன். "பில்லுன்னா ஜிஎஸ்டி தனியா வரும்க்கா, எதுக்கு வீண் செலவு?" என்றார். நானும் தலையாட்டினேன். முதல் தப்பு அதுதான்.

இடிக்க ஆரம்பித்த அன்றைக்கே மீட்டர் ஓட ஆரம்பித்துவிட்டது. பழைய பீங்கானைப் பெயர்த்ததும், "கீழே பைப் விட்டுப்போச்சு" என்று 6,500. இடிபாட்டை அள்ளிப்போட 3,000. "நீங்க கேக்கற மாதிரி சொரசொரப்பு டைல்ஸ் நம்ம பட்ஜெட்ல வராது" என்று இன்னொரு 8,000. டாய்லெட்டைத் தோண்டிப்போட்ட பிறகு அவரோடு பேரம் பேச முடியுமா? அம்மா பக்கத்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். கேட்டதைக் கொடுத்தேன். ஆக மொத்தம் 59,500.

வேலை முடிந்து பார்த்தால் பளபளவென்றுதான் இருந்தது. அம்மா உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. "என்னடி பாப்பா, பழைய கக்கூஸே தேவலாம் போலிருக்கே" என்றார். இஞ்ச் டேப் வைத்து அளந்தேன். தரையிலிருந்து சீட் வரைக்கும் 14 இஞ்ச். டப்பாவில் போட்டிருந்ததோ 16 இஞ்ச். ரெண்டு இஞ்ச் எங்கே போனது என்று குனிந்து பார்த்தபோதுதான் விளங்கியது. கமோடைப் பழைய தரை மட்டத்தில் முதலில் உட்காரவைத்துவிட்டு, பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே கலவை போட்டுப் புது டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். தரை ஏறிவிட்டது. கமோடின் அடிப்பாகம் சேற்றில் புதைந்த மாதிரி தரைக்குள்ளே கிடக்கிறது. அந்த 16 இஞ்சும் சாதாரண மாடல்தான், உசர மாடலே இல்லை. போதாக்குறைக்கு வாட்டம் கெட்டுப்போய்த் தண்ணீர் வாசல் பக்கம் ஓடியது.

கைப்பிடி கதை இன்னும் கொடுமை. மூன்றாம் நாள் காலையில் அம்மா அதைப் பிடித்து எழும்போது மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. நல்ல வேளை, பின்பக்கமாக சீட்டிலேயே விழுந்தார். இடுப்பில் ரத்தம் கட்டியதோடு போனது. சுவரைத் தட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் டைல்ஸுக்குப் பின்னாடி சிமெண்டே இல்லை, டொக் டொக்கென்று வெறும் காற்று. அதில் ஒன்றரை இஞ்ச் ஸ்க்ரூவும் பிளாஸ்டிக் பிளக்கும் போட்டு, துண்டு போடும் கம்பி மாட்டுகிற மாதிரி மாட்டியிருக்கிறார். 304 ஸ்டீல் (துருப்பிடிக்காத ரகம்) என்று சொன்ன கம்பியில் ஃப்ரிட்ஜ் காந்தத்தை வைத்தேன், டப்பென்று ஒட்டிக்கொண்டது. இரும்புக்கு முலாமோ, மட்ட ரக ஸ்டீலோ. நல்ல 304-ல் காந்தம் இப்படி ஒட்டாது.

போன் பண்ணினால், "வயசானவங்க வெயிட்டைப் போட்டுத் தொங்கினா எந்தக் கம்பிக்கா நிக்கும்?" என்கிறார். வெயிட்டைப் போடத்தானே ஐயா கைப்பிடி!

அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஒரு மாசம் அம்மாவுக்கு ஸ்டூல் கமோடு (நடுவில் ஓட்டை உள்ள ஸ்டூல்) வாங்கி வைத்துச் சமாளித்தோம். ஆயிரத்துச் சொச்சம்தான் விலை, காலுக்கு ரப்பர் புஷ் போட்டது. இதை இந்தியன் டாய்லெட் மேலேயே அப்படியே போட்டுக்கொள்ளலாம். முதலிலேயே இதைச் செய்திருந்தால், அவசரப்படாமல் நல்ல ஆளாகப் பார்த்திருக்கலாம்.

அதன் பிறகு என் சித்தப்பா ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தார். அவர் பாத்ரூமுக்குள் போகவே இல்லை. "அம்மா எங்க?" என்று கேட்டார். கூடத்தில் மர ஸ்டூலில் பலகை பலகையாக அடுக்கி, அம்மாவை உட்கார்ந்து எழச் சொன்னார். 16 இஞ்சில் முகம் சுளித்தது. 17-ல் கையை ஊன்றினார். பதினேழரையில் சட்டென்று எழுந்துவிட்டார். 19-ம் வைத்துப் பார்த்தார், பாதம் தரையில் பாவவில்லை, "அது ஆபத்து, வேண்டாம்" என்றார். முன்னே வந்த ஆள் இத்தனை நாள் வேலையில் அம்மாவை ஒரு தடவைகூட உட்காரவைத்துப் பார்க்கவில்லை. சொல்லப்போனால் எனக்கும் தோன்றவில்லை. பிற்பாடு தேடியபோது, மத்திய அரசின் 2021 அணுகல் வழிகாட்டியில் கமோடு சீட் 450 முதல் 480 மில்லிமீட்டர் உசரம் இருக்கவேண்டும் என்று பார்த்தேன். கிட்டத்தட்ட 18, 19 இஞ்ச். ஆனால் அது பொது அளவு. குள்ளமானவர்களுக்குக் கால் தொங்கும்.

கமோடைப் பெயர்த்தார், உடையாமல் வந்தது எங்கள் அதிர்ஷ்டம். அடியில் புதுத் தரைக்கு மேலே ஒன்றரை இஞ்ச் வருகிற மாதிரி மேடை கட்டி, அதே கமோடை மேலே வைத்து போல்ட் போட்டார். மேடை கமோடின் அடி அளவுக்குத்தான். அதைவிடப் பெரிதாகக் கட்டினால் எழும்போது குதிகால் இடிக்குமாம். கைப்பிடிக்கு அந்த இடத்து டைல்ஸை வெட்டியெடுத்து, கலவை நிரப்பி, ஆறவிட்டு, செங்கல் வரைக்கும் போகிற ஆங்கர் போல்ட் போட்டார். மாட்டின பிறகு அவரே அதில் தொங்கிக் காட்டினார். உள்பக்கம் திறக்கிற கதவை வெளிப்பக்கம் திறக்க மாற்றினார். உள்ளே விழுந்துவிட்டால், ஆளே கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார்கள், யாராலும் திறக்க முடியாது. வாட்டம் சரிசெய்ததும் சேர்த்து 21,000.

உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கைப்பிடி ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ரெண்டு பேர் கேட்டார்கள். ஆளின் எடையை அதில் போடாதீர்கள். டைல்ஸ் இடுக்கில் காற்றுப் புகுந்தால் சத்தமில்லாமல் கழன்றுவிடும்.

பணத்துக்கு 1915-க்கு (தேசிய நுகர்வோர் உதவி எண்) கூப்பிட்டேன். அவர்கள் முதலில் கேட்டது பில். என்னிடம் இருந்தது ஜிபே ரசீதும், "உசரமான மாடல் போட்டுடறேன்க்கா" என்ற வாட்ஸ்அப் மெசேஜும்தான். அதையும் இஞ்ச் டேப் வைத்து எடுத்த போட்டோவையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட எழுதி வைத்திருக்கிறேன். ரெண்டு வருஷத்துக்குள் போடவேண்டும், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் இருந்தால் கட்டணம் இல்லை. கேஸ் முடியும்வரை அவர் பெயரை இங்கே போடுவதாக இல்லை, கேட்காதீர்கள்.

போன வாரம் ஒரு வாஷர் வாங்க அதே ஹார்ட்வேர்ஸ் கடைக்குப் போனேன். கல்லாவில் அந்தக் கார்டு புதுக் கட்டாக இருந்தது.