பருவமழை மேலேற்றும் மாசுத் துகள்கள்: செயற்கைக்கோளா, விமானமா?

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கங்கைச் சமவெளியிலும் இமயமலை அடிவாரத்திலும் எழும் இடிமேகங்கள் தரைமட்ட மாசை மிக உயரத்துக்குக் கொண்டுசெல்கின்றன. அங்கே நிலவும் மாபெரும் எதிர்ச்சூறாவளி, அதாவது உயர் காற்றழுத்த மையத்தைச் சுற்றி வீசும் காற்றுச் சுழற்சி, அந்த மாசை வெளியேறவிடாமல் வளைத்துக்கொள்வதால், ஏறத்தாழ 13 முதல் 18 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மெல்லிய துகள் அடுக்கு உருவாகிறது. அதை ஆராய இரு வழிகள் உண்டு.

முதலாவது செயற்கைக்கோள். 2006இல் ஏவப்பட்ட காலிப்சோ, லேசர் ஒளி துகள்களில் பட்டுச் சிதறித் திரும்புவதை அளந்தது. கிழக்கு மத்தியதரைக் கடல் முதல் மேற்குச் சீனா வரை இவ்வடுக்கு பரந்திருப்பதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது அதன் தரவுகளைக் கொண்டுதான். ஆயினும், சமிக்ஞை மிக மெல்லியது என்பதால் பல நாள் அளவீடுகளைச் சராசரி எடுக்க வேண்டியிருந்தது. துகள்கள் எவற்றால் ஆனவை என்பதையும் அந்தச் செயற்கைக்கோளால் சொல்ல இயலவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியது விமானம். 2017இல் காத்மாண்டுவிலிருந்து பறந்த ஜியோபிசிக்கா என்னும் ரஷ்ய உயர்பறப்பு விமானம் அடுக்குக்குள்ளேயே நுழைந்து அளந்தபோது, அமோனியம் நைட்ரேட் பெருமளவில் இருப்பது தெரியவந்தது. அதன் மூலப்பொருளான அமோனியா பெரும்பாலும் உரமிட்ட வயல்களிலிருந்தும் கால்நடைகளிலிருந்தும் வருகிறது. நீரில் எளிதாகக் கரையும் அந்த வாயுவை மழை முழுவதும் கழுவிவிடும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஒரு பகுதி தப்பி மேலேறிவிடுகிறது என்பதே வியப்பு. விமானத்தின் குறை, சில வாரங்களையும் சில பாதைகளையும் மட்டுமே அது காண்கிறது என்பதாகும். ஐதராபாத்திலிருந்து அனுப்பப்பட்ட ஆய்வு பலூன்கள் செலவு குறைந்த இடைவழி.

அடுக்கின் பரப்பையும் ஆண்டுதோறும் நிகழும் மாற்றத்தையும் அறியச் செயற்கைக்கோளே ஏற்றது. மாசின் மூலத்தைக் கண்டறிய வேண்டுமெனில் விமானத்தையே தேர்வேன்.