பேரேட்டில் 'மணி'

அப்பா வீட்டிலேயே, தூக்கத்தில் போய்விட்டார். சிட்னியிலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு நான் வந்து சேர ஒன்றரை நாள் ஆனது. அதுவரை ஐஸ் பெட்டிதான். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று வழியெல்லாம் அதே கவலை. வந்து பார்த்தால், பெட்டிக்காரரே வாசலில் ஜெனரேட்டரையும் இறக்கிவைத்திருந்தார். பந்தல், நாற்காலி, ஊர்தி எல்லாம் சித்தப்பா போட்ட நாலு போனில் முடிந்திருந்தது. இந்த வேகத்தில் நம்மூரை யாரும் மிஞ்ச முடியாது.

சிக்கல் தகன மேடையில் ஆரம்பித்தது. டாக்டர் சீட்டும் ஆதார் நகலும் கேட்டார்கள். சீட்டு கையில் இருந்தது, ஆதாரை வீட்டில் வைத்துவிட்டோம். "காலையில் அஸ்தி எடுக்க வரும்போது கொடுங்க, இப்போ பேரைச் சொல்லுங்க" என்றார் ஊழியர். ஊர் முழுக்கக் கூப்பிடும் பெயரைத் தம்பி சொன்னான்: மணி. நூல் கட்டிய பேனாவால் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

இறப்பு நடந்த ஊரின் பதிவாளரிடம்தான் பதிவு. 21 நாளுக்குள் தெரிவித்துவிட்டால் கட்டணம் இல்லை. எங்களுக்குப் பன்னிரண்டாம் நாளே சான்றிதழ் வந்துவிட்டது. தகன மேடையில் சொன்னதே பதிவாகி, அதில் அப்பா பெயர் 'மணி'. பாஸ்புக்கிலும் பத்திரத்திலும் 'சுப்பிரமணியன்'. வங்கியில் ஒரே பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்குப் போனால் அங்கேயும் அதே கதை: முதலில் பெயரைச் சரிசெய்துகொண்டு வாங்க.

திருத்தத்துக்கு வழி இருக்கிறது. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. விவரம் தெரிந்த இரண்டு பேர் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். எதிர்வீட்டு மாமாவும் அப்பாவோடு வேலை பார்த்தவரும் வந்தார்கள். ஆனாலும் மூன்று முறை அலைந்தோம். ஒருநாள் அலுவலர் ஆய்வுக்குப் போயிருந்தார், ஒருநாள் சர்வர் வேலை செய்யவில்லை. என் லீவு கரைந்துகொண்டிருந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. நம்மூர் இறப்புச் சான்றிதழில் இறப்பின் காரணம் இருக்காது; அதை வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இன்ஷூரன்ஸ்காரருக்கோ காரணம் வேண்டும். அது டாக்டர் தரும் சீட்டில், வீட்டில் இறந்தவர்களுக்கான 4ஏ படிவத்தில் இருக்கிறது. அசல் பதிவாளரிடம் போய்விடும். நல்லவேளை, தங்கை அதைப் போனில் படம் எடுத்துவைத்திருந்தாள். நீங்களும் கொடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தகன மேடையில் பெயர் சொல்லும் வேலையை, அழாமல் நிற்கக்கூடிய ஒருவரிடம் ஆதாரைக் கையில் கொடுத்து ஒப்படைத்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள்தான் திருத்தம் முடிந்தது. பழைய பெயரை அடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லையாம், மூலப் பதிவில் கை வைக்கக் கூடாது. ஓரத்தில்தான் எழுத வேண்டும். அலுவலர் பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் பொடி எழுத்தில் 'சுப்பிரமணியன்'. நடுவில், எழுதியபடியே, 'மணி'.