சாளரம் நெளியும்போது விசிறி இரைந்தால்: நூவோவா, என்விடியா டிரைவரா? எக்ஸ்11ஆ, வேலண்டா?

சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அது ஈரத் துணி போல நெளிய வேண்டும். லினக்ஸ் ஓடும் என் மேசைக்கணினியிலும் நெளியத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு நெளிவுக்கும் விசிறி இரைந்தது. எந்த நிரல் எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையை ஓட்டிப் பார்த்தால், சாளரங்களைச் சேர்த்துத் திரையில் வரையும் கேவின் ஒன்றே எல்லா சிபியு கோர்களையும் தின்றுகொண்டிருந்தது. இரண்டு மாலைகளை அமைப்புகளுக்குள்ளேயே தொலைத்தேன். அனிமேஷன் வேகத்தை மாற்றினேன், நிழலை நிறுத்தினேன், கேவினை விட்டுவிட்டு அதே வேலையைச் செய்யும் காம்பிஸ் நிறுவினேன். எதற்கும் அசையவில்லை.

மூன்றாம் நாள்தான், கிராபிக்ஸை எது வரைகிறது என்று காட்டும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளை நினைவுக்கு வந்தது. 'டைரக்ட் ரெண்டரிங்: யெஸ்' என்று நம்பிக்கையூட்டும் வரி ஒன்று மேலேயே இருந்தது. கீழே, ரெண்டரர் என்ற இடத்தில், கிராபிக்ஸ் அட்டையின் பெயர் இருக்க வேண்டிய வரியில் 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தது. அட்டை செய்ய வேண்டிய வேலையை சிபியுவின் தலையில் கட்டும் ரெண்டரர் அது; லினக்ஸின் திறந்த கிராபிக்ஸ் நூலகமான மெசாவில் வருவது. டைரக்ட் ரெண்டரிங் வரி அதற்கும் 'யெஸ்' என்றே சொல்லும். திரையை நிர்வகிக்கும் எக்ஸ் சர்வர் வழியாகப் போகாமல் நிரல் தானே வரைகிறதா என்பதுதான் அந்த வரியின் கேள்வி. எதைக் கொண்டு வரைகிறது என்பது அல்ல. பழைய வழிகாட்டிகளை நம்பி அந்த 'யெஸ்'ஸோடு திருப்தியடைந்தவர்கள் என்னைப் போல இன்னும் பலர் இருப்பார்கள்.

குற்றவாளி நானேதான். லினக்ஸை நிறுவும்போது திரை கறுத்துப்போக, பூட் வரியில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்திருந்தேன். அது லினக்ஸின் மையமான கர்னலின் கிராபிக்ஸ் டிரைவரை ஒதுக்கிவைத்துவிடும். நிறுவி முடிக்க உதவிய சொல், பூட் நிரலான கிரப்பின் அமைப்பில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அதை அழித்துவிட்டுத் திரும்ப பூட் செய்ததும் என்விடியா அட்டைகளுக்கான சுதந்திர டிரைவரான நூவோ ஏறிக்கொண்டது, விசிறி அடங்கியது. உண்மையான கேள்வி அதற்குப் பிறகுதான் எழுந்தது: நூவோவோடு இருப்பதா, என்விடியாவின் சொந்த டிரைவருக்குப் போவதா?

இன்டெல், ஏஎம்டி அட்டைக்காரர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகலாம். அவர்களுக்கான டிரைவர் கர்னலிலும் மெசாவிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஏஎம்டி அட்டையிலும் எல்எல்விஎம்பைப் தலைகாட்டினால் அட்டைக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் தொகுப்பு விடுபட்டிருக்கிறதா என்று, கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையில் பாருங்கள். டெபியன் லினக்ஸின் நிறுவியிலேயே அந்த ஃபர்ம்வேர் சேர்ந்தது 2023இல் வந்த 12ஆம் பதிப்பில்தான். அதற்கு முன் நிறுவியவர்களிடம் அது இல்லாமலே போயிருக்க வாய்ப்புண்டு.

நூவோவும் என்விடியாவும்

சுதந்திர மென்பொருள் மீதுள்ள பற்றினால் நூவோவைத் தேர்ந்தெடுப்பவர்களையும், விளையாட்டுக்காக என்விடியா டிரைவரைத் தேர்ந்தெடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இரு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: முடிவை உங்கள் அட்டையின் தலைமுறை ஏற்கெனவே எடுத்துவிட்டது.

நூவோ, என்விடியாவின் ஆவணங்கள் இல்லாமல், வன்பொருளின் நடத்தையைப் பார்த்துப் பார்த்து எழுதப்பட்டது. நிறுவியதும் வேலை செய்யும், கர்னல் மாறினாலும் உடையாது. ஆனால் ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் அட்டையின் கடிகார வேகத்தை உயர்த்த முடியாது. அதற்குத் தேவையான ஃபர்ம்வேர் நூவோவுக்குக் கிடைக்கவில்லை. அதனால் 900 வரிசையும் அடுத்து வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் நூவோவில் பூட் ஆகும்போது இருந்த குறைந்த வேகத்திலேயே நடக்கின்றன. ஒரு சாளரம் நெளிவதற்கு அந்த வேகம் போதும். பின்புலத்தை மங்கலாக்கும் விளைவை இயக்கிவிட்டு, பெரிய திரையில் சாளரத்தை வேகமாக இழுத்துப் பாருங்கள். சட்டங்கள் (திரையில் அடுத்தடுத்து வரையப்படும் படங்கள்) தவறுவது கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு சட்டத்திலும் பின்னாலிருக்கும் படத்தைத் திரும்பத் திரும்பப் படித்து எழுதுவதால், மங்கலுக்கு நெளிவைவிடப் பல மடங்கு வேலை.

2018இல் வந்த டியூரிங் தலைமுறையிலிருந்து கதை வேறு. அந்த அட்டைகளில் ஜிஎஸ்பி என்ற தனிச் செயலி இருக்கிறது. வேகத்தையும் மின்சாரத்தையும் அதன் ஃபர்ம்வேரே பார்த்துக்கொள்ளும். 2024 ஜனவரியில் வெளியான 6.7 கர்னலில் நூவோ அதனோடு பேசக் கற்றுக்கொண்டது. உங்களிடம் இருப்பது டியூரிங் அல்லது அதற்குப் பிந்தைய அட்டை, தேவை மேசைத்தள விளைவுகள் மட்டும் என்றால், புதிய கர்னலோடும் புதிய மெசாவோடும் நூவோவை முதலில் முயன்று பார்ப்பது நியாயம்.

என்விடியாவின் டிரைவரில் வேகத்துக்குக் குறைவில்லை. அது சறுக்குவது வேறு இடத்தில். கர்னல் புதுப்பிக்கப்பட்டு, அதற்கேற்ப டிரைவரின் மாட்யூல் (கர்னலில் ஏறும் துண்டு) மறுபடி கட்டப்படாமல் போனால் டிரைவர் ஏறாது. கையொப்பமிட்டதை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயங்கும்போது கையொப்பமில்லாத மாட்யூலைக் கர்னல் திருப்பி அனுப்பிவிடும். டிரைவரை நிறுவிய பின் முதல் மறுபூட்டில் ஒரு நீலத்திரை வந்து அந்தக் கையொப்பத்துக்கான சாவியைப் பதியச் சொல்லும். அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டால் முடிந்தது. நிறுவும்போதே நூவோவைத் தடைப்பட்டியலில் போட்டுவிடுவதால் அதுவும் ஏறாது. இரண்டு கதவும் மூடிய வீட்டில் எல்எல்விஎம்பைப் குடியேறிவிடும். 'என்விடியா டிரைவர் போட்ட பிறகு விளைவுகள் இன்னும் மெதுவாகிவிட்டன' என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

நடுவில் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் 900, 10 வரிசைக்காரர்கள். அந்த அட்டைகளுக்கான என்விடியா டிரைவர் 580 வரிசையோடு முடிகிறது. 2022இல் என்விடியா திறந்துவிட்ட கர்னல் மாட்யூல்களும் அவர்களுக்கு உதவாது. அவை ஜிஎஸ்பி உள்ள அட்டைகளுக்கானவை. என் அட்டை 10 வரிசை.

எக்ஸ்11ஆ, வேலண்டா

நிரல்களின் சாளரங்களைத் திரைக்குக் கொண்டுவரும் இரு வழிகள் இவை: எக்ஸ்11 பழையது, வேலண்ட் புதியது. பிழை தேட எக்ஸ்11, அன்றாடம் புழங்க வேலண்ட் என்பது என் கட்சி. எக்ஸ்11இல், கேவின் இடம்பெறும் மேசைத்தளமான பிளாஸ்மாவை ஓட்டும்போது ஆல்ட், ஷிஃப்ட், எஃப்12 மூன்றையும் சேர்த்து அழுத்தினால், சாளரங்களை ஒன்றுசேர்த்து விளைவுகளோடு வரையும் கம்போசிட்டிங் அணைந்துவிடும். அணைந்த நொடியில் மந்தமும் மறைந்தால் ஆராய வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிட்டது. வேலண்டில் இந்த வசதி இல்லை. அங்கே கம்போசிட்டரே டிஸ்ப்ளே சர்வர், அதை அணைத்தால் திரையே இல்லை.

ஆனால் இரண்டு சட்டங்களின் பகுதிகள் ஒரே நேரத்தில் தெரியும் திரைக் கிழிசலோடு எக்ஸ்11இல் மல்லுக்கட்டியவர்களுக்கு வேலண்டின் அருமை தெரியும். என்விடியா டிரைவரில் கிழிசலைப் போக்க 'ஃபோர்ஸ் ஃபுல் காம்போசிஷன் பைப்லைன்' என்ற தேர்வை இயக்கி, கொஞ்சம் வேகத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. வெவ்வேறு புதுப்பிப்பு வேகமுள்ள இரண்டு திரைகளை இணைத்தால் எக்ஸ்11 தடுமாறும். வேலண்டில் ஒவ்வொரு திரையும் தன் வேகத்திலேயே ஓடும்.

என்விடியாவும் வேலண்டும் நெடுநாள் எலியும் பூனையுமாக இருந்தன. எக்ஸ்11க்காக எழுதப்பட்டு, வேலண்டில் எக்ஸ்வேலண்ட் வழியாக ஓடும் செயலிகளில், தட்டச்சு செய்த எழுத்து தோன்றி, மறைந்து, மறுபடி தோன்றும். பழைய சட்டம் புதியதை முந்திக்கொண்டு வந்து நிற்கும். 2024 நடுவில் வந்த 555 டிரைவரும், அதே நாட்களில் வந்த பிளாஸ்மா 6.1உம் வெளிப்படை ஒத்திசைவை (சட்டம் வரைந்து முடிந்ததா என்று வெளிப்படையாகச் சொல்லும் முறையை) ஆதரித்த பிறகே இது தணிந்தது. அதற்கும் பழைய டிரைவரில் நிற்க வேண்டிய அட்டை என்றால் எக்ஸ்11 பக்கமே இருங்கள், அது கிடைக்கும் வரை. உபுண்டு 25.10இல் க்னோம் மேசைத்தளத்தின் எக்ஸ்11 அமர்வு இல்லை.

கம்போசிட்டர்கள்

இதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. கேவின் தன் நிலையை ஒளிக்காமல் சொல்லும்: பிளாஸ்மாவின் தகவல் மையத்தில் சாளர மேலாளர் பக்கத்தைத் திறந்தால் எந்த ரெண்டரர், எந்த டிரைவர் என்று எல்லாம் அங்கேயே இருக்கிறது. முதல் நாளே அதைத் திறந்திருந்தால் இரண்டு மாலைகள் மிஞ்சியிருக்கும். எக்ஸ்11இல் மட்டும் ஓடும் பிக்காம் சிறியது, நேர்மையானது. அதன் பின்முனையை ஜிஎல்எக்ஸிலிருந்து எக்ஸ்ரெண்டருக்கு மாற்றியதும் கோளாறு போனால் சந்தேகம் ஓபன்ஜிஎல் பக்கம் திரும்பும். இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியாது.

காம்பிஸ், 2006இல் நோவெல் வெளியிட்டது, கனசதுர மேசைத்தளத்தை உலகுக்குக் காட்டியது. இன்று அதை நிறுவுவது பழைய காதலுக்காக மட்டுமே. கனசதுரம்தான் வேண்டுமென்றால் 2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6இல் அது திரும்பிவிட்டது. வேலண்டில் ஓடும் வேஃபயரில் கனசதுரமும் உண்டு, நெளிவும் உண்டு.

இப்போது என் கணினியில் 580 டிரைவர், வேலண்டில் பிளாஸ்மா. அந்த வரிசைக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கும் நாளில் நூவோவுக்கே திரும்புவேன், மங்கலை அணைத்துவிட்டு. நெளிவு இருக்கும்; அதற்கு அந்தக் குறைந்த வேகமே போதும் என்று ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.