புகைபோக்கி அளக்க வருபவர்களிடம் காசு கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

கொக்குவிலில் இரும்பு அலுமாரி செய்யும் சின்ன வேலைத்தலம் வைத்திருக்கிறேன். பெயிண்ட் அடித்து 150 பாகை சூட்டு அறையில் காய வைப்போம், அந்தப் புகை சிரட்டைக் கரி வடிகட்டி வழியாகப் புகைபோக்கிக்குப் போகும். பின்னேரங்களில் மணம் தாங்க முடியவில்லை, தலை இடிக்கிறது என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நேரமும் வந்ததால், பெயிண்ட், தின்னரிலிருந்து வரும் ஐதரோகாபன் ஆவி எவ்வளவு போகிறது என்று முறையாக அளப்போம் என்று கொழும்பிலிருந்து ஒரு நிறுவனத்தை வரவழைத்தேன். எஃப்ஐடி (சுவாலையில் எரித்து ஐதரோகாபனை அளக்கும் முறை) கருவியால் அளப்பதாகச் சொல்லி 65,000 ரூபாய் வாங்கினார்கள்.

வந்தது இரண்டு பேர். கருவியைப் போட்டு ஐந்து நிமிடத்தில் அளக்கத் தொடங்கிவிட்டார்கள். புகைபோக்கியிலிருந்து கருவி வரைக்கும் சாதாரண பிளாஸ்ரிக் ரியூப், ஏழெட்டு மீற்றர் இருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த ரியூபின் உள்பக்கத்தில் தேன் நிறத்தில் பிசுபிசுப்பாக ஒரு படலம் பிடித்ததை என் கண்ணால் பார்த்தேன், அது என்ன தம்பி என்று கேட்டதற்கு "அது ஈரம் ஐயா" என்றார்கள். சூட்டு அறை ஓடிய நேரமும் சரி, கதவைத் திறந்து அலுமாரிகளை வெளியே எடுத்த நேரமும் சரி, திரையில் எண் 14ஐ விட்டு அசையவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அறிக்கையில் "14 பிபிஎம், திருப்தி" என்று வந்தது (பிபிஎம் என்றால் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்பது). அந்தத் தாளை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டி, ஒன்றும் இல்லை அம்மா, அளந்தாச்சு என்றும் சொல்லிவிட்டேன். இதை நினைத்தால் காசு போனதைவிட மனம் வலிக்கிறது.

மணம் குறையவில்லை. மூன்று மாதம் கழித்து, தெரிந்த ஒருவர் மூலம் வேறு ஆட்கள் வந்தார்கள். அதில் ஒரு பிள்ளை கருவியை மூட்டி முக்கால் மணி நேரம் சூடாக விட்டுவிட்டு, குளிர்ந்த ஸ்பானர் ஒன்றை அதன் கழிவுக் குழாய்க்கு நேரே பிடித்துக் காட்டினார், ஸ்பானரில் பனி படர்ந்தது. கருவிக்குள் எரிவது ஐதரசன், ஐதரசன் எரிந்தால் தண்ணீர் வரும், பனி படர்ந்தால் சுவாலை எரிகிறது, இவ்வளவுதான். எஃப்ஐடி என்பதே அந்தச் சுவாலைதான்: ஐதரோகாபன் அதில் எரியும்போது அயன்கள் உண்டாகின்றன, அவை தரும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளக்கிறார்கள். சுவாலை அணைந்துபோனால் எண் அசையாமல் நிற்கும், யாரும் பார்க்காவிட்டால் அதுவே அறிக்கையில் ஏறிவிடும்.

இவர்களுடைய ரியூப் 180 பாகையில் சூடாக்கப்பட்டிருந்தது. ஏனென்றால் குளிர்ந்த ரியூபில் பாரமான ஐதரோகாபன்கள் கருவிக்குப் போக முதலே படிந்துவிடும். முதல் ஆட்கள் "ஈரம்" என்றது அதைத்தான், அளக்க வேண்டிய பொருளே ரியூபில் நின்றுவிட்டது. அவர்கள் கருவியில் பூச்சியத்தை வைத்ததும் என் வேலைத்தலத்துக் காற்றால், தின்னர் மணக்கும் காற்றால்! ஐதரோகாபன் இல்லாத சுத்தமான காற்றுச் சிலிண்டர் வேண்டும், இல்லாவிட்டால் எண் குறைவாகவே வரும். அவர்கள் கருவியின் அளவைச் சரிபார்க்கக் கொண்டுவந்த புரப்பேன் வாயுச் சிலிண்டரின் திகதியும் முடிந்திருந்தது, நான் எடுத்த போட்டோவில் பிறகுதான் கவனித்தேன்.

புதிய அளவு 210 பிபிஎம், புரப்பேன் சமானமாக. இந்த "சமானமாக" என்ற சொல் முக்கியம். கருவி கிட்டத்தட்ட காபன் அணுக்களை எண்ணுவது போலத்தான் வேலை செய்கிறது, ஒரு புரப்பேனில் மூன்று காபன், ஆகவே அதே அளவு காபன் கணக்கில் 630 பிபிஎம், கன மீற்றருக்கு ஏறக்குறைய 338 மில்லிகிராம் காபன். எதன் சமானம் என்று எழுதாத வெறும் பிபிஎம்மை எந்த வரம்போடும் ஒப்பிட முடியாது. (தின்னரில் ஒட்சிசன் உள்ள கரைப்பான்கள் இருந்தால் கருவி கொஞ்சம் குறைத்தே காட்டும் என்றும் அந்தப் பிள்ளை சொன்னார், அதையும் அறிக்கையில் எழுதித் தந்தார்.)

வடிகட்டியைத் திறந்தால் கரி முழுக்கப் பிசின் பிடித்துக் கட்டியாகக் கிடந்தது. சூடான புகை நேரே கரிக்குப் போனதும் பிழை, சூட்டில் கரி சரியாகப் பிடிக்காது. இப்போது புகை ஆறுவதற்குக் குழாயை நீட்டி, கரியையும் மாற்றியிருக்கிறேன். அம்மாவிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

முதல் நிறுவனத்திடம் அன்றைய மூலத் தரவையும் அளவு திருத்திய பதிவையும் கேட்டு ஐந்து கிழமை ஆகிறது. "அறிக்கையில் கையெழுத்து இருக்குத்தானே ஐயா" என்பதுதான் பதில், காசும் திரும்பவில்லை. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்ததைப் பார்த்த ஊர் இது, இங்கே வந்து இப்படி அளந்துவிட்டுப் போகிறார்கள். கோண்டாவில், இணுவில் பக்கம் யாராவது இப்படி அளவெடுத்திருந்தால், அறிக்கையை எடுத்து, எதன் சமானம் என்ற வரியும் சிலிண்டர் திகதியும் அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.