சீனி ஏறினால் பம்பால் கொடுப்பதா, ஊசியால் போடுவதா?

இன்சுலின் பம்ப் (தோலுக்குள் போகும் மெல்லிய குழாய்வழி இன்சுலின் கொடுக்கும் சிறு கருவி) பூட்டியிருந்தும் இரத்தச் சீனி 250 mg/dL-ஐத் தாண்டிவிட்டால் வருகிற கேள்வி இது.

வேகம்: இரண்டிலும் விரைவாக வேலைசெய்யும் இன்சுலின்தான். பெரிய வித்தியாசம் இல்லை.

சுகம்: பம்பில் உடம்பில் மிச்சமிருக்கும் இன்சுலினையும் கழித்தே கணக்கு வரும்.
ஊசியில் கணக்கு நம்முடையது.

நம்பிக்கை: இங்கேதான் ஊசி முந்துகிறது. தோலுக்குள் இருக்கும் மெல்லிய குழாய் மடிந்திருந்தாலும் பம்ப் சில நேரம் "கொடுத்தாச்சு" என்றே காட்டும். பம்பில் நீண்டநேர இன்சுலின் கிடையாது. அதனால் வரத்து நின்றால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் (இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலம்) ஏறத் தொடங்கும். அதோடு வன்னி வெயில். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு மத்தியானம் மோட்டார் சைக்கிளில் போனால் இடுப்பிலிருக்கும் இன்சுலினும் சூடாகி வீரியம் குறையலாம்.

செலவு: ஊசி மலிவு. பம்பின் குழாய்த் தொகுதியை 2, 3 நாளுக்கொருமுறை மாற்றவேண்டும். விலையை நினைத்து அதைத் தள்ளிப்போடாதீர்கள், தயவுசெய்து.

கீட்டோன் இல்லை, ஆளும் தெளிவு என்றால் பம்பால் ஒருதரம் கொடுத்து, 1 முதல் 2 மணி நேரத்துக்குள் திரும்பப் பாருங்கள். இறங்கவில்லையா, அல்லது கீட்டோன் காட்டுகிறதா? வைத்தியர் சொல்லித்தந்த அளவை ஊசியால் போட்டு, குழாயையும் இன்சுலினையும் புதிதாக மாற்றுங்கள். ஊசியால் போட்டது பம்புக்குத் தெரியாது. நேரத்தோடு கொப்பியில் எழுதுங்கள், இல்லாவிட்டால் இரட்டிப்பாகப் போய்ச் சீனி விழுந்துவிடும்.

சத்தி, வயிற்றுநோ, மூச்சுவாங்கல் வந்தால் இரண்டும் போதாது, உடனே ஆஸ்பத்திரிதான். உள்ளூர்களில் இரவில் பஸ் இல்லை. பக்கத்து ஓட்டோ அண்ணையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.