ஃபேன் இல்லாத கிராபிக்ஸ் கார்டா, மெதுவாகச் சுற்றும் ஃபேனா?

சத்தமில்லாத கணினி கட்ட நினைப்பவர்கள் முதலில் தேடுவது ஃபேனே இல்லாத கிராபிக்ஸ் கார்டைத்தான். கார்டில் ஃபேன் இல்லையென்றால் அதன் சத்தம் இருக்காது, சரி. வெப்பம் எங்கும் போய்விடாது. அதை வெளியேற்றும் வேலை கேபினெட் ஃபேன்களின் தலையில் விழும். அவை வேகமெடுத்தால் மிச்சப்படுத்திய அமைதி அங்கேயே கரைந்துவிடும்.

காற்று தானாக மேலெழுந்து வெப்பத்தைக் கடத்தும்போது, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஏறத்தாழ 5 முதல் 10 வாட்தான் வெளியேறும். மெல்லிய காற்றோட்டம் பட்டாலே இது பல மடங்காகும். அதனால்தான் இவ்வகைக் கார்டுகள் பெரும்பாலும் மதர்போர்டில் கார்டு செருகும் பிசிஐஇ ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் நிற்கின்றன. என்விடியாவின் ஜிடி 1030 கார்டு எடுப்பது 30 வாட். ஃபேன் இல்லாத பாலிட் கால்ம்எக்ஸ் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டு எடுப்பது 70 வாட்.

பொருத்தும் திசை பலர் கவனிக்காத சங்கதி. வழக்கமான டவர் கேபினெட்டில் கார்டு படுத்திருக்கும், வெப்பத்தைக் காற்றில் கடத்தும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் கீழே பார்த்திருக்கும். மேலெழ வேண்டிய சூடான காற்றைக் கார்டின் பலகையே மறித்துவிடுகிறது. கார்டையும் ஸ்லாட்டையும் இணைக்கும் ரைசர் கேபிள் போட்டுச் செங்குத்தாக நிறுத்தினாலும், ஹீட்சிங்க் தகடுகளின் இடைவெளி கீழிருந்து மேலாக ஓடினால்தான் பலன் உண்டு.

5 நிமிடச் சோதனையை நம்ப வேண்டாம். தடித்த ஹீட்சிங்க் மெதுவாகத்தான் சூடேறும். அரைமணி நேரம் முழுச்சுமை கொடுத்தால்தான் உண்மை நிலை தெரியும். சிப்பின் வெப்பநிலை சரியாகத் தெரிந்தாலும் மின்சீராக்கிப் பகுதி கொதித்துக்கொண்டிருக்கலாம். பக்கத்திலுள்ள எம்.2 எஸ்எஸ்டியும் சூடாகி வேகம் குறையும். மின்சுருள்கள் அதிர்வதால் எழும் காயில் சத்தம் வேறு: ஃபேன் இரைச்சல் மூடி மறைத்திருந்த அந்தக் கீச்சொலி இப்போது தனியாகக் காதில் விழும். ஃபிரேம் எண்ணிக்கையை 60-க்குக் கட்டுப்படுத்தினால் பெரும்பாலும் அடங்கும்.

விளையாட்டுக்கோ வீடியோ எடிட்டிங்குக்கோ கார்டு வாங்குபவர்களுக்கு, பெரிய ஹீட்சிங்கும் இரண்டு அகன்ற ஃபேன்களும் உள்ள கார்டே மேல். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். மின்வரம்பை 70-80 சதவீதத்துக்கு இறக்கினால் செயல்திறன் அந்த அளவுக்குக் குறையாது, வெப்பம் நன்றாகவே குறையும். இதிலும் ஒரு தொல்லை உண்டு. சுமை குறைந்தால் ஃபேன் நிற்பதும் சூடேறினால் திடீரென்று கிளம்புவதுமாக இருக்கும். சீரான மெல்லிய ஒலியைவிட அது எரிச்சலூட்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் ஹிஸ்டெரிசிஸ் அளவை (வெப்பம் எத்தனை டிகிரி இறங்கினால் ஃபேன் வேகம் குறைய வேண்டும் என்பதை) கூட்டுங்கள், அல்லது ஃபேனை நிற்கவிடாமல் குறைந்தபட்ச வேகத்திலேயே ஓடவிடுங்கள்.

அலுவலக வேலை, வீடியோ பார்ப்பது மட்டும் என்றால் தனிக் கார்டே தேவையில்லை. ரைசன் 7 8700ஜி சிபியுவுக்குள்ளேயே உள்ள ரேடியான் 780எம் கிராபிக்ஸ் போதும். ஒரே சிபியு கூலர் இரண்டுக்கும் சேர்த்து வேலை செய்யும். ரேமை இரண்டு குச்சிகளாகப் போடுங்கள், ஒரே குச்சியாகப் போட்டால் கிராபிக்ஸ் வேகம் கடுமையாக அடிபடும்.

ஃபேன் இல்லாத கார்டு ஏற்கெனவே கையில் இருந்தால், ஒரு 120 மிமீ ஃபேனை ஹீட்சிங்குக்கு நேராக வைத்து 500-600 ஆர்பிஎம்மில் ஓட்டுங்கள். மதர்போர்டு பொதுவாகச் சிபியு வெப்பத்தைப் பார்த்தே கேபினெட் ஃபேன்களை இயக்கும், கார்டின் சூடு அதற்குத் தெரியாது. எனவே ஃபேன் கண்ட்ரோல் போன்ற மென்பொருளில் அந்த ஃபேனைக் கார்டின் வெப்பநிலையோடு இணைத்துவிடுங்கள்.